மழுக்கிய கத்தி

தையல் மெஷின் ரிப்பேர்காரருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய சவரக்கத்தி. பிடிக்குள் மடங்கும் அந்தக் காலத்து நீளக் கத்தி. நல்லதாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் யாரும் சீண்டாமல் துருப்பிடித்துக் கிடப்பதைப் பழைய இரும்புக் கடையில் அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கி வருவார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, கல்லில் தீட்டிக் கண்ணாடியாக்கிவிடுவார்.

“இருக்கறது ஒரு தாடை. அதுக்கு இத்தனை கத்தியா?” என்பாள் மனைவி.

அந்தத் தடவை கிடைத்தது வேறு மாதிரி இருந்தது. பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் போட்டுப் போற்றி வைத்திருந்த கத்தி. வாய் மட்டும் பல்லுபல்லாகப் போயிருந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“இது தானா மழுங்கல. யாரோ சிமென்ட் தரையில வெச்சுத் தேய்ச்சிருக்காங்க.”

“வேலை மெனக்கெட்டு யாராவது நல்ல கத்தியைக் கெடுப்பாங்களா?”

“கெடுக்கணும்னு ஒரு காரணம் இருந்திருக்கும்.”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல சாயங்காலம் குனிந்த தலை நிமிராமல் தீட்டினார். கடைசியில் தலைமுடி ஒன்றைக் காட்டினால் தொட்டதுமே இரண்டாக விழுந்தது.

மறுநாள் அவருடைய ரிப்பேர்க் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு ஒருவன் உள்ளே வந்தான். இரும்புக் கடைக்காரர்தான் வழி சொன்னாராம்.

“அது என் கத்திண்ணே. வீட்டுல தெரியாம எடைக்குப் போட்டுட்டா. நீங்க குடுத்த விலைக்கு மேலயே தர்றேன்.”

கேட்ட குரலில் அத்தனை பணிவு. கொடுத்தார். அவன் முன்கையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தான். முடி சுத்தமாகப் போயிற்று.

“முன்னைவிடக் கூரா இருக்கே!” வாசலைப் பார்த்துத் திரும்பினான். “ஏய், இங்க வந்து பாரு.”

ஸ்கூட்டர் அருகே நின்ற பெண் வந்தாள். அவள் காதுக்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு தழும்பு. அவள் கத்தியைப் பார்க்கவில்லை; ரிப்பேர்காரரைத்தான் பார்த்தாள். மனைவி சொன்ன காரணம் அவருக்கு இப்போது விளங்கியது.

“ஒரு நிமிஷம் சார், பிடியில ஆணி ஆடுது” என்று கத்தியைத் திரும்ப வாங்கினார். ஆணி ஆடவில்லை. மேஜையிலிருந்த வைஸ் பிடிப்பானில் இறுக்கி, சுத்தியலால் ஒரே போடு. கத்தி இரண்டு துண்டு.

“ஐயோ! கை தவறிடுச்சு சார்.”

அவன் துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் சுற்றினான். முகத்தில் கோபமே இல்லை.

“பரவாயில்லண்ணே. வீட்டுல அப்பாவோடது இன்னொண்ணு இருக்கு.”

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுக்கதவில் மனைவி வந்து நின்றிருந்தாள். “ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சே! உள்ள வா, ஒரு வாய் தண்ணி குடி” என்று பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “மெதுவா வரட்டும்.”

உள்ளே கிசுகிசுப்பு, போன் எண் அழுத்தும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்துப் பின்பக்கச் சந்தில் ஆட்டோ ஒன்று வந்து நிற்பது ரிப்பேர்காரருக்குக் கேட்டது. எதிரே இருந்த மெஷினைத் துணியே இல்லாமல் மிதிக்க ஆரம்பித்தார். கடையே அதிர்ந்தது. மிதிப்பதை நிறுத்தவில்லை.

“நிறுத்துங்க” என்றான் அவன்.

நிறுத்தினார். கதவு திறந்தது. மனைவி மட்டும் வந்தாள்.

“அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்.”

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நல்லது. அவங்க அண்ணன் வீடு எனக்குத் தெரியும். இப்போ உங்க வீடும் தெரியும்.”

ஸ்கூட்டர் கிளம்பியது. மனைவி அதற்குள் போலீஸுக்குப் போன் போட்டுப் பேசத் தொடங்கியிருந்தாள். ரிப்பேர்காரர் ஷட்டரை இறக்க வெளியே வந்தார். வண்டி தெருமுனை வரை போய் நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.