ஒன்பதில் மிஞ்சப்போகும் இரண்டு

சாப்பாட்டு மேசைமேல் பழைய குளியல் துண்டை விரித்து, அதில் ஒன்பது கைத்துப்பாக்கிகளைப் படுக்க வைத்திருந்தார் கோராவின் அப்பா ரஸ். பதினைந்து வருஷமாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. நாளைக் காலைக்குள் ஒன்பது இரண்டாகிவிட வேண்டும் என்பது அவர் முடிவு. இடுப்பில் செருகிக்கொள்ள ஒன்று, வீட்டுக் காவலுக்கு ஒன்று. அந்த இரண்டையும் தன் முழங்கைப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவு, ஒரே எடை. இரண்டிலும் விசையைத் தடுத்துப் பிடிக்கும் சேஃப்டி கிடையாது. எடுத்து அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான்.

எதிரே உட்கார்ந்து மான்கறி வற்றலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார் வெண்டல். அப்பாவோடு எரிவாயு லாரி ஓட்டுகிறவர்.

"ஏண்டா ரஸ், மடத்துல ஏதும் சேரப் போறியா? இப்படி எல்லாத்தையும் வாரிக் குடுக்கற?"

"வாரிக் குடுக்கறேனா? நாளைக்குக் காசு கொண்டு வராம வா, காட்டறேன்."

"சரி, நெசமாத்தான் கேக்கறேன். இந்த ரிவால்வரை எங்கிட்ட ஒரு தடவை தொடக்கூட விடமாட்டே."

அப்பா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "கைக்கு யோசிக்கத் தெரியாதுடா. பயம் வந்துட்டா அதுக்கு ஒரே ஒரு வேலைதான் ஞாபகம் இருக்கும். நான் தினம் இடுப்புல வெச்சிருக்கறதுல சேஃப்டி இல்ல. படுக்கைக்குப் பக்கத்துல வெச்சிருந்த இந்த நாப்பத்தஞ்சு துப்பாக்கியில இருக்கு. திருடன் நொழைஞ்ச அன்னைக்கு ராத்திரி இதை எடுத்து நேரா ட்ரிகரை அழுத்தறேன், கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு தடவை அழுத்தறேன். சேஃப்டியைத் தள்ளணும்னு கைக்குத் தோணவே இல்ல. அதுக்குள்ள ஓடிட்டான். இனிமே வெச்சுக்கற ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

"மொதல்ல கத்தினியா?"

"பின்ன? யாரதுன்னு ரெண்டு தடவை கத்தினேன். பதில் இல்ல. அப்புறம்தான் அழுத்தினேன்."

கழுவும் தொட்டியில் தட்டை அலசிக்கொண்டிருந்த கோராவின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கத்தவில்லை. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அது கோராவுக்குத் தெரியும், ஏனென்றால் அன்று இருட்டில் நின்றது திருடன் இல்லை. அவள்தான்.

பதினொரு நாள் ஆகிறது. பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டம் முடிந்து கூடப் படிப்பவர்கள் கல்குவாரியில் நெருப்பு மூட்டிக் கூடியிருந்தார்கள். போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், அவள் போனாள். பதினாறு வயதில் எல்லாரும் செய்கிற காரியம்தான். முன்வாசலில் கேமரா இருந்ததால் பின்பக்கம், துணி துவைக்கும் அறைக் கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டுப் போயிருந்தாள். இரண்டரை மணிக்குத் திரும்பி வந்து, காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே அடி வைத்தபோது சோப்புத் தூள் டப்பா உருண்டது. நடைக்கோடியில் ஒரு வெள்ளை பனியன் தெரிந்தது. பனியனுக்கு முன்னால் நீட்டிய இரண்டு கை. கூப்பிட வாய் திறந்தாள், குரல் வரவில்லை. அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது, மூட்டை தூக்குகிறவர் மாதிரி. பிறகு அவள் ஓடினாள். வீட்டைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியே தன் அறைக்குள் விழுந்து, போர்வைக்குள் புகுந்தாள். ஒரு நிமிஷத்தில் அப்பா கதவைத் தட்டினார். "கோரா, உள்ள பூட்டிக்கோ. வீட்டுக்குள்ள எவனோ வந்துட்டான்."

அவர் அழுத்தினார் என்பதே, பிறகு வந்த போலீஸ்காரரிடம் அவர் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. போர்வைக்குள் கிடந்தபடியே கேட்டாள். ரெண்டு தடவை அழுத்தினேன், சார். ரெண்டு தடவை.

"நாப்பத்தஞ்சு எனக்கு, ரிவால்வர் எனக்கு, இந்தச் சின்னது என் பொண்டாட்டிக்கு," என்று எழுந்தார் வெண்டல். "மிச்சம் நாலையும் கடைக்காரன் எடுத்துக்குவான். காலைல எட்டுக்கு வர்றேன். என்னம்மா கோரா, மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்கு? பரீட்சையா, பையனா?"

"ரெண்டும் இல்ல, வெண்டல் மாமா."

"ரெண்டும் இல்லாம இந்த வயசுல வேற என்ன இருக்கு?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கோரா கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். "அப்பா, அந்த நாப்பத்தஞ்சை மட்டும் குடுக்காதயேன்."

"ஏன்?"

"சும்மா. நல்லா இருக்கு."

"நல்லா இருந்து என்ன பண்ண? அதுதான் என்னைக் கவுத்துச்சு. அவன் கையில ஏதாவது இருந்திருந்தா இந்நேரம் உனக்கு அப்பன் இல்ல." அவள் தோளைத் தட்டினார். "இனிமே அப்படி ஆகாது. பயப்படாதே."

இனிமே ஆகாது என்பதுதான் அவளுக்குப் பயம்.

அம்மா ட்ரிஷ் முதியோர் விடுதியில் இரவு வேலை பார்க்கிறாள். எட்டரைக்குப் போனால் காலையில்தான் வருவாள். அந்த ராத்திரிக்குப் பிறகு, அம்மா இல்லாத இரவுகளில் அப்பா படுக்கையில் படுப்பதில்லை. நடைக்கோடியில் சாய்வு நாற்காலியைப் போட்டு, மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிடுகிறார். எப்போது கண் அயர்கிறார், எப்போது விழிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பதினொரு நாளாகக் கோரா இரவில் கழிப்பறைக்குப் போனதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அன்று இரவு, மறுநாள் விற்கப்போகிற ஏழு துப்பாக்கியையும் அப்பா படுக்கையறையின் நம்பர் பூட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். இரட்டையில் ஒன்றும் உள்ளே போயிற்று. இன்னொன்று நாற்காலிக்கு வந்தது.

ஒன்றே முக்காலுக்குக் கோராவின் போன் தலையணைக்கடியில் அதிர்ந்தது. அம்மாவின் செய்தி.

"இன்னைக்கு வேலைக்கு ஆள் அதிகம்னு பாதியில அனுப்பிட்டாங்க. கெளம்பிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டா எடுக்கல, தூங்கிட்டார் போல. நீ முழிச்சிருந்தா சொல்லிடு."

கோரா எழுந்து உட்கார்ந்தாள். விடுதியிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம். அம்மா எப்போதும் பின்கதவு வழியாகத்தான் வருவாள். விடுதிச் சீருடையைத் துவைக்கும் இயந்திரத்தில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே அடி வைப்பாள். விளக்குக்கூடப் போடமாட்டாள், அப்பாவின் தூக்கம் கெடுமென்று.

"அம்மா, உள்ள வராதே. கார்லயே இரு," என்று எழுதி அனுப்பினாள். போகவில்லை. கூப்பிட்டாள். மலைச்சாலையில் எப்போதும் போல, தொடர்பு இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை.

அப்பாவை எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்து எட்டு நடந்து அவர் தோளைத் தொட வேண்டும். இருட்டில், பின்னாலிருந்து, மடியில் அதை வைத்துக்கொண்டு தூங்குகிறவரை.

ஜன்னல் வழியே இறங்கிப் போய் அம்மாவை மறித்தால், வெளியே கேட்கும் காலடிக்கே அவர் விழித்துவிடுவார். விளக்கைப் போடலாமா? நடையின் ஸ்விட்ச் அவர் தலைக்கு மேலே இருந்தது. அறை விளக்கைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், வெளிச்சத்துக்கு முன்னால் வெறும் நிழலாக நிற்பாள். மணியைப் பார்த்தாள். ஒன்று ஐம்பத்து மூன்று.

கதவை ஒரு சாண் திறந்தாள். கீல் முனகியது. நாற்காலியின் முதுகு தெரிந்தது, அதற்கு மேல் அப்பாவின் தலை. கோரா சட்டென்று தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். சுட்டால் குண்டு மேலே போகட்டும். கன்னம் கம்பளத்தில் அழுந்தியது.

"அப்பா."

காற்றுதான் வந்தது. அன்றைக்குப் போலவே. அம்மா இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பாள்.

"அப்பா!"

நாற்காலியின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. தலை மறைந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாமை அவளுக்குப் பழக்கமானது.

"அப்பா, நான்தான்! கோரா! கோரா! தரையில படுத்திருக்கேன், சுட்டுடாதே! அம்மா வந்துட்டிருக்கா! பின்கதவுல அம்மாதான் வருவா! சுட்டுடாதே!"

விளக்கு எரிந்தது. அப்பா முழங்காலிட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தார். துப்பாக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் சிவந்து, முடி கலைந்து, யாரோ மாதிரி இருந்தார்.

"என்னடி இது? எதுக்குத் தரையில கெடக்கற?"

"அம்மாவுக்கு வேலை பாதியில முடிஞ்சிடுச்சு. உன்னைக் கூப்பிட்டாளாம்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். நாலு அழைப்பு. "சரி, வரட்டும். அதுக்கு இப்படியா அலறுவ? நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா சுடுவேன்? யாருன்னு கேக்காம..."

"கேக்க மாட்டப்பா."

"என்ன?"

கோரா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நீ கேக்கல. ஒண்ணுமே சொல்லல. எனக்குத் தெரியும். அன்னைக்கு வந்தது நான்தாம்பா. குவாரிக்குப் போயிட்டு வந்தேன். கூப்பிடத்தான் பாத்தேன், வாய் வரல. அப்புறம் ஓடிட்டேன். ஜன்னல் வழியா வந்து படுத்துக்கிட்டேன். சொன்னா நீ திட்டுவேன்னு சொல்லல. அப்புறம் நீ ரெண்டு தடவை அழுத்தினேன்னு சொன்னியா... அதுக்கப்புறம் சொல்லவே முடியல."

அப்பா துப்பாக்கியிலிருந்து குண்டு அடைத்த மேகசினை உருவும் சத்தம் கேட்டது. மேல்தகட்டைப் பின்னால் இழுத்ததும் ஒரு குண்டு தெறித்து, கம்பளத்தில் அவள் மூக்குப் பக்கம் உருண்டு வந்து நின்றது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

"எங்க நின்னே?"

"அப்பா..."

"எங்க நின்னேன்னு காட்டு."

அவள் எழுந்து நடந்தாள். துவைக்கும் இயந்திரத்துக்கு ஓரடி முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அப்பா நடைக்கோடியில் தன் இடத்துக்குப் போனார். வெறும் கை. அதை நீட்டக்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், அதற்கு ஒரு முழம் கீழே, அவள் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"கத்தினேன் கோரா. எனக்குக் கத்தினதாத்தான் ஞாபகம். எல்லார்கிட்டயும் பொய் சொல்லணும்னு சொல்லல. என் குரல் எனக்கே கேட்டுச்சு."

"இல்லப்பா."

"ஒரு தடவைகூடவா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

வெளியே கார் வெளிச்சம் சமையலறைச் சுவரில் ஊர்ந்து போயிற்று. சரளைக்கல் நொறுங்கும் சத்தம். கோரா ஓடிப்போய்ப் பின்வாசல் விளக்கைப் போட்டுக் கதவை விரியத் திறந்தாள். அம்மா சீருடையோடு, கையில் காலிச் சாப்பாட்டு டப்பாவோடு படியேறி வந்தாள்.

"என்ன, வீடு பூரா லைட்டு? யாருக்குப் பொறந்தநாள்?" என்றவள், தரையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். "ரஸ்? நெஞ்சு வலியா? டேய், பேசு."

"வலியெல்லாம் இல்ல. அன்னைக்கு வந்த திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, ட்ரிஷ்."

"யாரு?"

அவர் கையால் கோராவைக் காட்டினார். அம்மா பாதிச் சிரிப்போடு மகளைப் பார்த்தாள், பிறகு புருஷனை, பிறகு கம்பளத்தில் கிடந்த ஒற்றைக் குண்டை. டப்பாவைத் துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைக்கப் போனாள். இடம் தவறி அது கீழே விழுந்தது. மூன்று பேரும் ஒன்றாகத் துள்ளினார்கள்.

அம்மா கோராவை இழுத்து அணைத்துக்கொண்டாள். மருந்து வாடையும் கிழவர்களின் பவுடர் வாடையும் அடித்தது. "திட்டறதை எல்லாம் நாளைக்கு வெச்சுக்கறேன்டி," என்றாள் அவள் தலைமேலேயே. பிடி வலித்தது. கோரா இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். துப்பாக்கியைப் பின்பக்கமாகப் பிடித்து அம்மாவிடம் நீட்டினார். "இதையும் பெட்டிக்குள்ள வை. நம்பரை மாத்து. எனக்குச் சொல்லாதே."

"ரஸ், காலைல பேசிக்கலாம்."

"இப்பவே மாத்து."

"வெண்டல் எட்டு மணிக்கு வருவானே?"

"நீயே தெறந்து குடு. இதையும் கொஞ்ச நாளைக்கு அவன் வீட்டுலயே வெச்சுக்கட்டும். ரெண்டையும்."

"அப்ப வீட்டுக்கு?"

அவர் துப்பாக்கியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அம்மா அதை வாங்கி, காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, படுக்கையறைப் பெட்டகத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அப்பா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொத்தான் ஒவ்வொன்றும் கீச்சென்றது. ஒன்று, இரண்டு, மூன்று.

"நீயும் திரும்பிக்கோ, கோரா," என்றாள் அம்மா.

கோரா திரும்பி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் வலது கை இடுப்புக்குப் போய், வெறும் பெல்ட்டைத் தடவி, எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியது. பிடிக்கப் பயமாக இருந்தது. அதற்கு முன்னால், "அப்பா, நான்தான்," என்று சொல்லிவிட்டுப் பிடித்தாள்.