கால் மணி நேர மின்சாரம்

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அகிலாவும் குமரனும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் எண்பத்தோரு நாள். மாமியார் தையல்நாயகி எண்ணி வைத்திருந்தாள். மகன் வந்து போன தேதிகளைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பாள். வருடம் முடிந்தாலும் அந்தக் காலண்டரைத் தூக்கிப் போட மாட்டாள்.

குமரன் நேபாளத்து மலைக்குள் ஒரு நீர்மின் நிலையத்தில் இன்ஜினியர். அந்த நிலையத்து மின்சாரத்தை இந்தியச் சந்தையில் விற்றுத் தருகிற கம்பெனியில் அகிலாவுக்கு வேலை. பிள்ளையார்பாளையம் வீட்டின் பின்னறையிலிருந்தே செய்கிறாள். முன்னறையில் மாமனாரின் தறி. போனில் பேசும்போது, "அது என்ன சத்தம் அகிலா, வீடு இடிக்கிறாங்களா?" என்று சென்னையிலிருந்து அவள் மேலதிகாரி ராஜகோபால் சார் ஆரம்பத்தில் கேட்பார். இப்போது தறி ஓடாத நாளில்தான் "என்ன, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்.

"கரண்டை எப்படிம்மா ஏலம் விடுவாங்க? கையில எடுத்தா காட்ட முடியும்?" என்று தையல்நாயகி ஒருநாள் கேட்டாள்.

"நம்ம பூ மார்க்கெட் மாதிரிதான் அத்தை. நாளைக்கு எந்த நேரத்துக்கு எவ்வளவு வேணும்னு வாங்கறவங்க இன்னைக்கே எழுதிப் போடுவாங்க. இவ்வளவு இருக்குது, இந்த விலைன்னு விக்கறவங்க எழுதிப் போடுவாங்க. ஒரு நாளைத் தொண்ணூத்தாறு கால் மணியா பிரிச்சு, கால் மணிக்கு ஒரு விலை."

"நேபாளத்துலயும் இப்படித்தானா?"

"அங்க ரேஷன் கடை மாதிரி. அரசாங்கம் ஒண்ணுதான் வாங்கும், அது ஒண்ணுதான் விக்கும். ஏலமும் கிடையாது, என்னை மாதிரி ஆளும் வேணாம்."

"அதான் உன்னை அங்க கூப்புட மாட்டேங்கறாங்களா?"

அகிலா சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் அதுதான். அவள் வேலை எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டுமே உண்டு. குமரனுடைய வேலைக்கு மலையிலிருந்து விழுகிற ஆறு வேண்டும். "பாலாத்துல அணை கட்டி எதை ஓட்டறது, மணலையா?" என்பான். நிலையத்துக் குடியிருப்பில் குடும்பம் தங்க அனுமதி இல்லை. வேலையை விட்டுவிட்டுக் காத்மாண்டுவில் ஓர் அறை எடுத்துத் தங்கலாம் என்றால், வாலாஜாபாத்தில் அவள் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அதற்கு அவள் கம்பெனியின் காப்பீடு ஒன்றுதான் துணை.

அதனால்தான் ராஜகோபால் சார் மே மாதக் கடைசியில் சொன்ன செய்தி அந்த வீட்டையே புரட்டிப் போட்டது. காத்மாண்டுவில் கம்பெனிக்கு ஒரு தொடர்பு அதிகாரி வேண்டும். மழைக்காலத்தில்தான் நேபாளத்தில் மின்சாரம் மிஞ்சும், அப்போதுதான் விற்பனை. அகிலா அந்த விற்பனைப் பட்டியலைத் தனியாக அறுபது நாள் பிழையில்லாமல் போட்டுக் காட்டினால், வேலை அவளுக்கு. அவள் காத்மாண்டு வந்தால், அங்கேயுள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் தருவதாகக் குமரனின் நிர்வாகமும் சொல்லிவிட்டது.

தையல்நாயகி அன்றே வடகம் போட ஆரம்பித்தாள். "அந்த ஊர்ல வெயில் இருக்குதோ இல்லையோ" என்றாள்.

அந்த வேலையில் ஒரு வினோதம் உண்டு. நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடச் சரியாகப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். அதாவது, சந்தையின் கணக்கில் சரியாக ஒரு கட்டம். அங்கிருந்து வரும் பட்டியல் அவர்கள் நேரத்தில் இருக்கும். அகிலா அதை ஒரு வரி மேலே நகர்த்தி நம் நேரத்துக்கு மாற்றி, பிறகு அங்கே போன் செய்து முதல் வரியும் கடைசி வரியும் சரியா என்று கேட்டுவிட்டு, பத்திலிருந்து பன்னிரண்டு மணிக்குள் சந்தையில் போடுவாள். ஐம்பத்தொன்பது நாள் அப்படித்தான் போட்டாள்.

அறுபதாம் நாள் ஆடி வெள்ளி.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். சந்தை திறந்திருக்கும் நேரத்தில் முக்கால்வாசியை அது விழுங்கிவிடும். இதற்கு முன் எட்டு வெள்ளிக்கிழமை ராகு காலத்தில்தான் போட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தையல்நாயகிக்கு அன்றுதான் கடைசிப் பட்டியல் என்று தெரியும்.

"பத்தரைக்குள்ள அனுப்பிடும்மா. மத்த நாள் நான் எதுனா கேட்டேனா? இது ஒண்ணு கேளு."

"அங்கேருந்து வரவே பத்தே முக்கால் ஆகும் அத்தை."

"சீக்கிரம் குடுங்கடான்னு சொல்லேன். பொண்டாட்டி புருஷன் சேர்ற விஷயம்னு சொல்லு, குடுப்பாங்க."

அகிலா வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். அவர்களும் கொடுத்தார்கள். பத்து பதினேழுக்குப் பட்டியல் வந்தது. விலைகளை நிரப்பி முடித்தபோது பத்து இருபத்தைந்து. வாசலில் தையல்நாயகி காமாட்சி கோயில் குங்குமத்தோடு நின்றாள். "ஆச்சா? ஆச்சா?" பத்து இருபத்தெட்டுக்கு அகிலா பொத்தானை அழுத்தினாள். போன் செய்து சரிபார்க்கவில்லை. மாமியார் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குமரன் அழைத்தான்.

"அகி, நாளைக்கு ஷெட்யூல் வந்திருக்குது. எங்க டைம் நாலேகால் வரைக்கும் ஓட்டணும்னு போட்டிருக்குது."

"நாலு வரைக்கும்தானே குடுத்தீங்க?"

"நாலுதான். நாலு மணிக்கு மதகைத் திறந்து மணலைத் தள்ளணும். மெஷின் நின்னுடும்."

அகிலா கம்ப்யூட்டரைத் திறந்தாள். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வரியை நகர்த்தவில்லை. நாள் முழுவதும் ஒரு கட்டம் தள்ளி இருந்தது. நாள் பூராவும் ஒரே அளவு ஓடுகிற நிலையம், வேறு எந்த நாளாக இருந்தாலும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நாளைக்கு மட்டும், நிற்கப்போகிற இயந்திரத்தின் கால் மணி நேர மின்சாரத்தை அவள் விற்றிருந்தாள்.

"திருத்த முடியாதா?" என்றான் குமரன்.

"ஏலம் முடிஞ்சுது. இங்க இருக்கற கம்பெனிங்க அன்னன்னைக்கே இன்னொரு சந்தையில வாங்கிச் சரி பண்ணிக்கலாம். எல்லை தாண்டி வர்ற கரண்டுக்கு அந்த அனுமதி இன்னும் குடுக்கலைங்க."

முன்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, விடு. மதகைப் பதினைஞ்சு நிமிஷம் லேட்டா திறக்கறேன். ஷிப்ட் என்னுதுதான். யாருக்கும் தெரியாது."

"செய்வீங்களா?" என்றாள். கேட்டவுடனே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எண்பத்தோரு நாள்டி. இதுகூட செய்யலைன்னா எப்படி?"

மறுநாள் சனிக்கிழமை. காலையிலிருந்து தையல்நாயகி ஸ்வெட்டர் வாங்குவதைப் பற்றியே பேசினாள். காந்தி ரோட்டில் பட்டுதான் கிடைக்கும், ஸ்வெட்டருக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று மாமனாரிடம் சண்டை. அகிலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சனிக்கிழமை என்ற வார்த்தை மனதில் எங்கோ முள்ளாகக் குத்தியது. இரண்டரை மணிக்குப் பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது.

போனை எடுத்தாள்.

"இன்னைக்கு அங்க வாரச் சந்தை நாளாச்சே?"

"ஆமா" என்றான் குமரன்.

முதல் வருடம் அவன் அனுப்பிய வீடியோ அவளுக்கு நினைவிருந்தது. கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, பெண்கள் சந்தை முடிந்து வரிசையாக ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போகிறார்கள். பாலம் சுற்றுவழியில் ஒன்பது கிலோமீட்டர். மணல் தள்ளும் சனிக்கிழமைகளில் நான்கிலிருந்து ஐந்து வரை ஆற்றில் வெள்ளம் பாய்ந்து வரும், கரையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தடித்ததும் இறங்குவார்கள். அந்த நேரத்தை ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று அவனேதான் சொன்னான்.

"லேட்டா திறந்தா லேட்டாதானே மூடுவீங்க?"

"மணல் முழுசா போக ஒரு மணி நேரம் ஆகும். பாதியில மூடினா அடுத்த வாரம் மெஷினை அரிச்சுடும். ஆள் அனுப்பியிருக்கேன் அகி. பைக்ல. அஞ்சேகாலுக்கு மேல இறங்குங்கன்னு சொல்லச் சொல்லி."

"எத்தனை இடத்துல இறங்குவாங்க?"

"ஒரு பத்து பன்னெண்டு இடம்."

"ஒரு பைக்கா?"

"ஒண்ணும் ஆகாதுடி. தண்ணியைப் பார்த்தா இறங்க மாட்டாங்க."

"பார்த்துட்டு இறங்கற மாதிரி தண்ணி வந்தா நோட்டீஸ் எதுக்கு ஒட்டினீங்க?"

அவனும் காலையிலிருந்து இதையே யோசித்திருக்கிறான் என்று புரிந்தது. அவள் கேட்க வேண்டும் என்று காத்திருந்தானோ, கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தானோ, தெரியவில்லை.

"நாலு மணிக்கே திறங்க" என்றாள்.

"காத்மாண்டு போச்சுன்னா?"

"நாலு மணிக்குத் திறங்க. உங்க டைம் நாலு."

மூன்றே முக்காலுக்குத் திரையில் அந்த ஒரு கட்டத்தில் எண் பூஜ்யமாகிச் சிவப்பானது. நான்கு மணிக்கு அடுத்த கட்டம் வந்தது. அங்கே ஐந்தடிக்கும் வரை அகிலா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லாரும் தாண்டிவிட்டார்கள் என்று குமரன் ஒரு வரி அனுப்பினான். அன்று ஷெட்யூலை மீறி மதகு ஏன் நான்கு மணிக்கே திறந்தது, மின்சாரம் ஏன் குறைந்தது என்ற அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவனும் அவன்தான்.

ராஜகோபால் சார் ஐந்தரைக்கு அழைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேபாள டைம், இல்ல?"

"ஆமா சார்."

"போன் பண்ணிக் கேக்கற வழக்கமாச்சேம்மா உனக்கு?"

"நேத்து கேக்கலை சார்."

"ஏன்?"

ராகு காலம் என்று எப்படிச் சொல்வது? "அவசரப்பட்டுட்டேன் சார்."

"டெல்லி ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இனிமே நேரத்தை மாத்தறதை மனுஷங்க செய்யவேணாம், சாப்ட்வேரே பண்ணிக்கட்டும்னு. சாப்ட்வேர் வந்துட்டா காத்மாண்டுல ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க. எனக்கும் பதில் தெரியலை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "உன் வேலைக்கு ஒண்ணும் இல்லை. அங்கயே இரு."

சமையலறையில் தையல்நாயகி வடகத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த வேலையே இல்லைன்னுட்டாங்க அத்தை."

"என்னம்மா சொல்ற? அறுபது நாளும் ஒழுங்கா போட்டியே?"

"போட்டேன். அங்க ஆளே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"படுபாவிங்க" என்றாள் தையல்நாயகி. "கடைசி நாள்கூட நல்ல நேரம் பார்த்துதானே அனுப்பினோம்?"

"ஆமா அத்தை" என்று அகிலா அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கி மூடினாள். உண்மையை இந்த வீட்டில் தான் ஒருத்தி சுமந்தால் போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் குமரன் வீடியோவில் வந்தான். சவரம் செய்திருக்கவில்லை. கையில் ஒரு காகிதம் இருந்தது. இருக்கும் இடத்திலேயே ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"பூடான் பார்க்கலாமா?" என்றான். "அங்க ஆறு நிறைய இருக்குது."

"உங்களுக்கு இருக்குது. அங்க அரசாங்கமும் அரசாங்கமும் பேசி வெச்ச விலைக்குத்தான் முக்கால்வாசி விக்கறாங்க. எனக்கு என்ன வேலை?"

"பங்களாதேஷ்?"

"அங்கயும் ஒரே ஆள்தான் வாங்கறது. உங்க ஊர் கரண்டையே நம்ம கம்பி வழியா வாங்கிக்கறாங்க. உங்களுக்கு அங்க மலை எங்க இருக்குது?"

"இலங்கை. தமிழ் பேசலாம். அம்மாகூட வந்து போவாங்க."

"நடுவுல கடல். கம்பியே இல்லைங்க. கம்பி இல்லாம எதை விக்கறது?"

"இமாச்சல்ல போட்டுப் பார்த்தேன். கவர்மென்ட்ல வயசு தாண்டிடுச்சுன்னாங்க. பிரைவேட்ல பதிலே இல்லை." அவன் சிரிக்கப் பார்த்தான். "கரண்டு எல்லா எல்லையும் தாண்டுது. நாம ரெண்டு பேர் தாண்டறதுக்கு ஒரு நாடு இல்லை, பாரேன்."

"ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு?"

"மூணு."

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்றைக் கூட்டிப் பார்த்தாள். அவனும் கூட்டிக்கொண்டிருந்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வேணாம்னு சொல்லு அகி. விட்டுட்டு வந்துடறேன்."

"வந்து?"

அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

"நான் மேஜை மேல வெக்கறேன். கட் பண்ணிடாத."

போனை மல்லாக்க வைத்தான் போலிருக்கிறது. திரையில் அவன் முகம் போய், அவன் அறையின் கூரை வந்தது. தகரக் கூரை. ஒரு மூலையில் ஈரம் கசிந்து பழுப்பாகப் படர்ந்திருந்தது. குறுக்கே ஒரு கயிறு, அதில் ஒரே ஒரு துண்டு. அவள் ஒருநாளும் போக அனுமதி இல்லாத அறை. பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவன் முகம் திரும்பி வரும் வரை அகிலா அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.