பொம்பிளையை ஏற்றிய பிக்கப்

தை பிறந்தால் லண்டனில் இரண்டு விசயங்கள் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று கல்யாணம், மற்றது ஐஸ். நாள் பார்க்கிற ஐயர்மார் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்களே தவிர, ஒருவராவது ஜன்னல் சீலையை விலக்கி வெளியே பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் கம்சிகாவின் தாலிகட்டை அந்தச் சனிக்கிழமையில் வைத்திருக்க மாட்டார்கள்.

நான் ஐஸ் பக்கத்து ஆள். கடைகளின் கார் பார்க்குகளில் சனம் வழுக்கி விழாமல் இருக்க, கடை திறக்கமுன் உப்புப் போடுவது என் வேலை. வேலையும் அதற்கான பிக்கப்பும் என் மனுசன் நிசாந்தன் விட்டுப்போனவை. அவர் செத்து மூன்று பனிக்காலம் ஆகிறது. அந்தக் கிழமை முழுக்கக் கடுங்குளிர். கட்டிலில் படுத்த நேரத்தைவிட ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நேரம்தான் அதிகம். கண் எரிந்தது, இடுப்பு நாரி விட்டுப்போனது. கல்யாண வீடு என்ற நினைப்பே ஒரு பாரமாக இருந்தது.

ஆனால் கம்சிகாவின் கல்யாணம். அக்காவின் மகள். அக்காவும் அத்தானும் ஷிப்ட் ஷிப்டாக ஓடிய காலத்தில் அவளைக் குளிக்கவார்த்து, தலையிழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் கூட்டிப்போய் வளர்த்தது நான். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் கழுத்தில் தாலி ஏறும்போது, அவளுடைய முகம் தெரிகிற இடத்தில் இருக்க எனக்கொரு கதிரை வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

முதல்நாள் அக்கா போன் எடுத்தாள். வீட்டுக்கு வரவேண்டாமாம். நேரே கல்யாண ஹோலுக்கு வரட்டாம், அதுவும் கல்யாணப் பொம்பிளை உள்ளே போன பிறகு. ஏனென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொம்பிளை வெளிக்கிடும்போது புருசனை இழந்தவள் எதிரே வரக்கூடாது. ஊரில் விட்டுவர எத்தனையோ சாமான் இருந்தது, இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாப்பிளை வீட்டார் கதைப்பார்களோ என்று அக்காவுக்குப் பயம். அது எனக்கு விளங்கியது. விளங்கினாலும் மன்னிக்க முடியவில்லை.

சனி காலை வேலையை முடித்துக் கோலியர்ஸ் வுட் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன், குளித்துச் சீலை உடுக்கலாம் என்று. அத்தான் தில்லையம்பலம் அழைத்தார். ரிபன் கட்டிய வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்களே, அது அவர்கள் வீட்டு மேட்டின் அடியிலேயே வழுக்கிப்போய் மதிலோடு சாய்ந்து நிற்கிறதாம். சொந்தக்காரர் எல்லாரும் முன்னமே ஹோலுக்குப் போய்விட்டார்கள். சரிகைச் சீலையோடும் தலை நகையோடும் பிள்ளையை அந்த ஐஸில் நடத்திக் கூட்டிவர ஏலாது.

"பிள்ளை, உன்ர பிக்கப் ஏறும்தானே?" என்றார் கடைசியில்.

ஏறும். பின்னால் உப்பு மூட்டைகளின் பாரம் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ், நாலு சில்லும் இழுக்கும், ஏறாமல் என்ன செய்யும்? அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். தெரியும் என்றார்.

அப்பர் நோர்வுட்டில் அக்காவின் வீடு செங்குத்தான மேட்டில் இருக்கிறது. பெரிய றோட்டுகள் கவுன்சில் உப்புப் போட்டுக் காய்ந்து கிடந்தன. உள் றோட்டுகளில் வெயில் விழுந்த இடம் காய்ந்த தரை, நிழல் விழுந்த இடம் கண்ணாடி. இப்படித் திட்டுத் திட்டாகக் கிடக்கிற றோட்டுத்தான் உயிரை வாங்கும். ஐஸில் நாலு சில்லுக்கு மாற்றவேண்டும், காய்ந்த றோட்டில் திரும்ப இரண்டுக்கு வரவேண்டும். மறந்துபோய் நாலிலேயே விட்டுக் காய்ந்த றோட்டில் வளைத்தால், முன் சில்லும் பின் சில்லும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சண்டை பிடிக்கும். என் பழைய பிக்கப்புக்கு அது தானாக மாறத் தெரியாது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற திருகை நான்தான் திருகவேண்டும்.

மாறி மாறித் திருகி மேலே போய்ச் சேர்ந்தேன். அக்கா கனகாம்பிகை வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பிக்கப்பின் சில்லைப் பார்த்தாள். அபசகுனத்துக்குப் பரிகாரமும் தயாராக இருந்தது: அடுத்த வீட்டு லக்ஷ்மிப்ரியா நிறைகுடத்தோடு எங்களுக்கு எதிரே நடந்து வரவேண்டும். பாவம் அந்தப் பிள்ளை, ஒரு கையில் குடம், மற்றக் கையால் ஒவ்வொரு வீட்டு மதிலாகப் பிடித்துப் பிடித்து, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அத்தான் முன்னால் ஏறினார். அக்காவும் கம்சிகாவும் பின் சீட்டில். கண்ணாடியில் கம்சிகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் என் வேலை ஜக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடினேன். அக்கா மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்க, ஹோலின் பின் கேற்றில் இறக்கிவிடச் சொன்னாள். முன்னால் கமராக்காரரும் மாப்பிளை வீட்டாரும் நிற்பார்களாம்.

நான் கியரைப் போட்டேன்.

இறக்கம் ஏற்றத்தைவிடப் பயம். நாலு சில்லும் இழுக்கத்தான் உதவும், நிற்பாட்ட உதவாது. சின்னக் கியரில் உருட்டி உருட்டி இறக்கினேன். பெரிய றோட்டில் ஏறியதும் திருகில் கை வைத்தேன். அத்தான் என் கையைப் பிடிக்காத குறை. இருக்கட்டும், நாலிலேயே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு என்று மன்றாடினார். அவருக்கு விளங்கப்படுத்த வாய் திறந்தேன். களைப்பில் சொல் வரவில்லை. றோட்டு நேராகத்தான் போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மடத்தனம்.

குறொய்டனில் ஹோலுக்குத் திரும்புகிற ஒழுங்கை நல்ல காய்ந்த றோட்டு. வளைவும் நல்ல வளைவு. பாதி வளைத்ததும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இறுக்கியது. ரயர் கீச்சிட்டது. பிக்கப் இரண்டுதரம் துள்ளிவிட்டு, யாரோ பிரேக் பிடித்ததுபோல நின்றது. இரண்டுக்குத் திருகினேன். நாலு சில்லு லைட் மினுங்கியதே தவிர, இறுகினது விடவில்லை. இறுகினதோடு பலவந்தமாக ஓடினால் உள்ளே ஏதாவது உடையும்.

கொஞ்சத் தூரம் நேராகப் பின்னுக்கு எடுத்தால் விடும். அதைச் சொன்னதுதான் தாமதம், பின் சீட்டில் அக்கா கத்தத் தொடங்கினாள்.

"பொம்பிளையை ஏத்திக்கொண்டு பின்னுக்குப் போறதோ? வெளிக்கிட்டாப் பிறகு பின்னுக்கு எடுக்கக் கூடாது. முன்னுக்கே விடு."

முன்னுக்கு விட்டால் உடைந்துவிடும் என்றேன். அத்தான் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டார். இரண்டு தொன் பிக்கப்பை, வேட்டி சால்வையோடு. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோலிலிருந்து அத்தானுக்குப் போன் வந்தபடியே இருந்தது. அக்கா கூடாது, கூடாது என்று முருகனைக் கூப்பிட்டாள். கிழமை முழுக்க அடக்கிவைத்தது அப்போதுதான் வாயில் வந்தது.

"அக்கா, நான் முன்னுக்கு வந்ததே உனக்கு அபசகுனம். இனிப் பின்னுக்குப் போனால் மட்டும் என்ன குறைஞ்சிடப் போகுது?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார்.

"சித்தி," என்றாள் கம்சிகா, "றிவேர்ஸ் எடுங்கோ."

எடுத்தேன். நேராக, மெதுவாக. அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், லைட் அணைந்தது, ஸ்டியரிங் லேசாகியது. சொன்னபடி பின் கேற்றில் இறக்கினேன். கம்சிகா திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அக்கா அவளுடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். சமையல்காரர் குப்பை வாளிகளை ஒதுக்கிப் பொம்பிளைக்கு வழி விட்டார்கள். பார்க்க எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு பிக்கப்பை முன் பக்கம் கொண்டுவந்து விட்டேன். முன் முற்றம் கட்டிடத்தின் நிழலில் முழு ஐஸ். அதற்கு உப்புப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள், மேளச் சத்தம் கேட்டது. இந்தச் சப்பாத்தோடும் ஜக்கெட்டோடும் எப்படிப் போவது? போனாலும் எந்த மூலையில் நிற்பது? ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். கண் மூடிக்கொண்டு போனது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

அக்கா. பட்டுச் சீலையைக் கரண்டைக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, ஒரு கையால் என் பிக்கப்பின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றாள். அந்த ஐஸைத் தாண்டி எப்படி வந்தாளோ தெரியாது. அத்தானை அனுப்பியிருக்கலாம், சின்னப் பிள்ளைகள் யாரையாவது அனுப்பியிருக்கலாம். பொம்பிளையின் தாய் மணவறையை விட்டு எழும்பி வந்திருந்தாள். அவளுடைய கண் மை கரைந்திருந்தது.

கதவைத் திறந்தேன். கம்சிகா கூறைச் சீலை மாற்றப் போயிருக்கிறாளாம், சித்தி எங்கே என்று கேட்டபடியே இருக்கிறாளாம். முன் வரிசையில் தனக்குப் பக்கத்தில் கதிரை போட்டாயிற்றாம். இதையெல்லாம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"என்ர கோலத்தைப் பார் அக்கா. உடம்பெல்லாம் உப்பு."

"உப்புத்தானே," என்றாள். "இறங்கு."

இறங்கினேன். பின் கேற் பக்கம் திரும்பினேன், பழக்கதோசம். அவள் என் ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"முன்வாசலால போவம். எனக்குக் கால் வழுக்குது. நீ முன்னுக்கு நட, நான் உன்னைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

மூட்டையிலிருந்து இரண்டு கை உப்பை அள்ளினேன். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சமாகத் தூவிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அக்கா என் முதுகைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். வாசலுக்கு வந்த கமராக்காரன் எங்களைத்தான் படம் எடுத்தான். கெட்டிமேளத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.