கழித்தலில் மறைந்த முகங்கள்

மர்டோவின் மூளைக்கட்டி வலது காதுக்குப் பின்னால், அடிப்பக்கமாக இருந்தது. பெரும்பாலோருக்கு முகங்களை அடையாளம் காணும் பகுதி அங்கேதான் இருக்கும். கட்டியோடு அதையும் வெட்டிவிட்டால், மனைவி ஷோனாவைக்கூடக் குரலை வைத்துத்தான் அவரால் தெரிந்துகொள்ள முடியும். அந்த இடத்தைக் குறித்துத் தரும்படி அறுவை மருத்துவர் ஃபேலன் அவரை என்னிடம் அனுப்பினார். ஸ்கேன் எடுப்பது என் வேலை.

முதலில் மனித முகங்களைக் காட்டுவோம். பிறகு நாற்காலி, கெண்டி, ரப்பர் பூட்ஸ், செம்மறியாடு. ஆட்டுப் பண்ணைகள் நிறைந்த எங்கள் தெற்குத் தீவில் ஆடு தெரியாதவர் யார்? முகத்துக்கு எழும் சமிக்ஞையிலிருந்து மற்றவற்றுக்கு எழுவதைக் கழித்தால், மிஞ்சுவதே முகத்துக்கான இடம்.

மர்டோவுக்கு வலது பக்கம் எதுவும் மிஞ்சவில்லை.

"அப்ப இடது பக்கம் இருக்கும்போல. வியாழக்கிழமை முழுசா எடுத்துடறேன்" என்றார் ஃபேலன்.

மர்டோ வெளியே உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். "இந்தாம்மா, அந்த மூணாவதும் ஒன்பதாவதும் அக்கா தங்கச்சி. கவனிச்சியா?"

"எந்த மூணாவது?"

"ஆடும்மா! அந்தக் கடைசி ஆடு அச்சு அசல் எங்க மாமியார்."

"அம்மா காதுல விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற ஷோனா.

நான் கணினிக்குத் திரும்பினேன். பிறக்கும்போது மூளையின் அந்தப் பகுதியில் முகம் போன்ற வடிவங்களின் மீது ஒரு சாய்வு மட்டுமே இருக்கும். பிறகு பல வருடங்கள், யாரை யாரிடமிருந்து பிரித்தறிய வேண்டியிருக்கிறதோ, அதற்கேற்ப அது கூர்மையாகும். மர்டோவுக்கு அது வளர்ந்த காலத்தில் அவருடைய பண்ணையில் மனிதர்கள் ஐந்து பேர், ஆடுகள் நாலாயிரம். அவருடைய மூளைக்கு ஆடும் ஒரு முகம். நாங்கள் முகத்திலிருந்து முகத்தைக் கழித்திருக்கிறோம்.

ஆடுகளை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். முகத்துக்கான இடம் கட்டியின் ஓரத்திலேயே ஒளிர்ந்தது.

ஃபேலன் திரையில் அந்த இடத்தை விரலால் சுட்டினார். "ஓரத்துல கொஞ்சம் விட்டுட வேண்டியதுதான். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு."

அறுவை முடிந்த மூன்றாம் நாள், ஷோனாவுக்கும் இரண்டு செவிலியருக்கும் ஒரே மாதிரி நீல அங்கி கொடுத்து, பேசாமல் உள்ளே போகச் சொன்னேன்.

மர்டோ மூவரையும் மெதுவாகப் பார்த்தார்.

"நடுவுல நிக்கிறவளே," என்றார், "நாய்க்குச் சோறு வெச்சியா?"