அஞ்சுக்கு மூண்டு

மலர்வளையத்தை நிரோஜா மறுபடியும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அதில் 'மொன்றியல் தமிழ்ப் பனிமலை ஒன்றியம்' என்ற பெயர், பெட்டிக்குள் கிடக்கும் அவளுடைய தம்பி விதுர்சனின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அவள் நகர்ந்ததும் ஒன்றியத்தின் உபதலைவர் வந்து, பூவுக்கு மூச்சு முட்டும் என்பதுபோல, அதைச் சனத்தின் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

ஒன்றியத்துக்குத் தலைவர், செயலாளர், இரண்டு போசகர்கள் எல்லாம் உண்டு. பனிச்சரிவைப் பற்றி முறையாகப் படித்தவன் விதுர்சன் ஒருவன்தான். தலைவர் வசீகரன் வேறொரு சங்கத்தை உடைத்துக்கொண்டு வந்தவர். அதுவே போதிய தகுதி.

அவர்தான் இப்போது வேட்டியோடு, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு, பெட்டியின் தலைமாட்டில் நின்றார். விதுர்சனைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவர் அவரென்று அம்மா சிவநேசம் நம்பினாள். அப்பா இல்லாத வீடு. ஆகவே கொள்ளிக் கடமையை அவரையே செய்யச் சொல்லிக் கேட்டாள். அவர் கண்கலங்கி ஒத்துக்கொண்டார். அவர் கையால் தம்பி போகக்கூடாது. நிரோஜாவுக்கு இன்று வேண்டியது அது ஒன்றுதான்.

ஏனென்றால், மலையில் கூட நின்ற றொஷினி காலையில் இந்த மலர்ச்சாலையின் கழிவறையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்று கஸ்பேசி மலையில் பனிச்சரிவு ஆபத்து அளவு ஐந்துக்கு மூன்று. மூன்றில்தான் ஆட்கள் அதிகம் சாகிறார்கள், நாலிலும் ஐந்திலும் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்று விதுர்சன் சொல்லியிருக்கிறான். காற்று சரிவில் பனியைக் குவித்திருக்கிறது, ஒவ்வொருவராகக் கடப்போம், மற்றவர்கள் மரங்களுக்குள் நின்று பார்க்கட்டும் என்றிருக்கிறான். "அஞ்சுக்கு மூண்டு எண்டா அறுவது வீதம். பாஸ்தானே தம்பி" என்று வசீகரன் சிரித்திருக்கிறார். சோதனை பாஸ் பண்ணியே வளர்ந்த கூட்டம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

பிறகு ஆண்டுவிழாப் பதாகையோடு குறூப் போட்டோ எடுக்க எல்லோரையும் சரிவின் நடுவில் ஒன்றாக நிறுத்தினாராம். கலையச் சொல்லிக் கத்திக்கொண்டு விதுர்சன் ஓடிவந்தபோது சரிவின் பனி உடைந்து இறங்கி அவனை மூடியது. மரத்தடியில் நின்று படம் எடுத்த றொஷினிதான் அவனைத் தோண்டினாள். தலைவர் பதாகையைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"இயற்கையை ஆர் வெல்லலாம்?" என்று வசீகரன் இரங்கலுரையை முடித்தார். நிரோஜா எழுந்தாள்.

"வசி அண்ணை, அண்டைக்கு ஆபத்து எத்தினை எண்டு போட்டிருந்தது?"

"இப்ப ஏன் பிள்ளை அது? பேந்து கதைப்பம்."

"பேந்து எரிச்சுப் போடுவம். இப்பவே சொல்லுங்கோ."

மைக்கை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மூண்டு."

"எத்தினைக்கு?"

"அஞ்சுக்கு."

பின்வரிசையில் ரியூசன் மாஸ்டர் பேரின்பநாதன் பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு யோசித்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பாஸ் எண்டு."

"எல்லாரையும் சரிவில ஒண்டா நிப்பாட்டினது ஆர்?"

அவர் சிவநேசத்தைப் பார்த்தார். நிரோஜா அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதை அவள் கடைசிவரை பார்க்க வேண்டும்.

"ஒரு படத்துக்குத்தான், பிள்ளை. ஒரு நிமிசம்தான்."

சிவநேசம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை. கையை நீட்டினாள்.

"தர்ப்பையைக் கழட்டித் தாங்கோ தம்பி. என்ர மகள் செய்யட்டும்."

ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் செம்பை நகர்த்தி வைத்தார். வசீகரன் மோதிரவிரலைப் பிடித்து இழுத்தார். தடித்த விரல். நனைந்த தர்ப்பை மூட்டில் இறுகிப்போயிருந்தது. திருகிப் பார்த்தார். எச்சில் தொட்டுப் பார்த்தார். முன்வரிசையில் உபதலைவர் தன் சப்பாத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒருவரும் எழும்பவில்லை. சிவநேசம் நீட்டிய கையை மடக்கவும் இல்லை.