மாமியார் பெயர் கொண்ட மகள்

ஒருபுறம் ஆந்திர எல்லைக் குன்றுகள் வெயிலில் வெந்து நிற்க, மறுபுறம் தொடர்வண்டிகள் வந்து வந்து மக்களைக் கொட்டிச் செல்ல, பூக்காவடிகள் ஆடியும் அசைந்தும் படியேற, அரோகரா முழக்கம் பாறையில் மோதித் திரும்ப, ஆடிக் கிருத்திகைப் பெருநாளின் உச்சிப்பொழுதில் திருத்தணி மலை காலூன்ற இடமின்றித் திணறியது. அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் நீரே தெரியாதபடி தலைகள் நிறைந்திருந்த எழுபதுகளின் அந்நாளில், ஆர்.கே.பேட்டை நெசவாளன் சிங்காரத்தின் மனைவி ரஞ்சிதம் தன் நான்கு வயது மகளின் கையை நழுவவிட்டாள். காவடிக் கூட்டமொன்று குறுக்கே புகுந்தது, அவ்வளவுதான். ஐயோ, பிடித்திருந்த கை பிடியில் இல்லை!

கணவன் காவடியோடு மலைமேல் இருந்தான். மாமியார் மூட்டைகளைக் காத்துக்கொண்டு தொலைவில் மரநிழலில் இருந்தாள். பொய்கைப் படிகளையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ரஞ்சிதம் ஒலிபெருக்கிப் பந்தலுக்கு ஓடினாள்.

"கொழந்த பேரு இன்னாம்மா?" என்றார் தொண்டர் வேடியப்பன்.

வாசிப்பவரே, இக்கேள்விக்கு விடை சொல்ல, பெற்ற தாய்க்கே நா எழவில்லை என்றால் நம்புவீரா? எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் குடும்பப் பெயரை முன்னே நிறுத்துவர். இப்பால் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறைவடைவர். ரஞ்சிதத்தின் புகுந்த வீடோ, தலைப்பேத்திக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரே என்பதில் கல்லாய் நின்றது. மாமியார் பெயரை மருமகள் சொல்லலாகாது என்பதும் அவ்வீட்டு முறையே. தாயின் பெயரைச் சொல்ல மகனுக்கும் கூச்சம். ஆக, வைத்த பெயரை வாய்விட்டு அழைக்க ஆளின்றி, குழந்தை எல்லார்க்கும் பாப்பாவாகவே வளர்ந்தது. என்ன முறையோ, போங்கள்!

"எங்க அத்த பேருதாங்க... கெங்கம்மா" என்று அக்கம்பக்கம் பார்த்துச் சொன்னாள் ரஞ்சிதம்.

"ஆர்.கே.பேட்டை கெங்கம்மா, உன் அம்மா பந்தலில் காத்திருக்கிறார்" என்று ஒலிபெருக்கி மும்முறை முழங்கிற்று. குழந்தை வரவில்லை, வந்தவள் மாமியார் கெங்கம்மாள். தலையில் மூட்டையும் கண்ணில் தீயுமாய்க் கூட்டத்தைப் பிளந்து வந்து, "நானாடி தொலஞ்சி பூட்டேன்? செத்துப்போன எங்கம்மா எங்கடி வந்து காத்துகினு கீறா?" என்று சீறினாள். பேத்தியைக் காணோம் என்று கேட்டதும் மூட்டை கீழே விழுந்தது.

"அந்தப் பேரு கொழந்தைக்கே தெரியாதுங்க. பாப்பான்னு கூப்டுங்க" என்றாள் ரஞ்சிதம்.

"பாப்பான்னா ஊர்ப்பட்ட பாப்பா வருமேம்மா! வூட்ல வேற பேரு எதுனா கீதா?" என்றார் வேடியப்பன்.

இருந்தது. தறியருகே, மாமியார் இல்லாத வேளைகளில், தன்னைப் பெற்று மறைந்தவளின் பெயரால் 'காஞ்சனா' என்று மகளைக் கொஞ்சுவாள் ரஞ்சிதம். மகளும் அப்பெயருக்கே ஓடிவருவாள். ஆனால், "என் பேரு இருக்கச்ச வேற பேரு கொழந்த காதுல வுழுந்துது, பொறந்த வூட்டுக்கு நடையக் கட்டு" என்று தொட்டிலிட்ட நாளிலேயே கெங்கம்மாள் சொல்லியிருந்தாள். இப்போது அவள் கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறாள். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டாலோ, பொய்கை பக்கத்தில் இருக்கிறது.

ரஞ்சிதம் ஒலிவாங்கியைப் பறித்தாள். "காஞ்சனா! அடி காஞ்சனா! அம்மா பந்தல்ல கீறேன், வாடி கண்ணு!"

மலை முழுதும் கேட்டது. பொய்கைப் படியோரம் பொரி விற்றுக்கொண்டிருந்தவளின் மடியிலிருந்து "அம்மா!" என்று ஒரு குரல் கிளம்ப, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள். மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு, ஏச்சுக்குத் தலைகுனிந்து நின்றாள் ரஞ்சிதம். ஏச்சு வரவில்லை.

"யாரு பேருடி அது?"

"எங்கம்மா பேரு, அத்த."

கெங்கம்மாள் தரையில் குந்தினாள். "எனுக்கும் தலச்சன் பொண்ணுதான்டி. எம்மாமியா பேருதான் வெச்சாங்க. அம்ம வார்த்து செத்து பூட்டா. பேரச் சொல்லி அழக்கூட எனுக்கு வாயில்ல. அந்தக் கெழவி பக்கத்துலயே குந்திகினு இருந்தா. உனுக்கு வந்த துணிச்சல் எனுக்கு வரலியேடி!"

தன் மாமியார் மறைந்து பல்லாண்டு கழிந்தும் கட்டு நீங்காதிருந்த கெங்கம்மாளின் நா, "கௌரி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தது, பின் உரக்கச் சொன்னது, பின் கதறியது. பெயர் சூட்டப்பெற்றும் ஒருநாளும் அழைக்கப்பெறாமலே போன அம்மகளுக்காக, அவளைப் பெற்றவள் அன்றுதான் அழுதாள்.