இடது கண்

"பிப்ரவரி 9, திங்கள். ஒரு பிழை. மணி கேட்டதும் கண் மூடும் பழக்கம் மூளையின் அமிக்டலாவில் பதிகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே பதிவது பயம். இமையின் பழக்கம் சிறுமூளையில். திருத்தினேன்."

திருத்தியும் தமிழ்மதிக்கு மனம் அமைதியாகவில்லை. கொடைக்கானலில் கால்நடை உதவியாளருக்கான மாலை வகுப்பில், மகாதேவி டீச்சர் முயலை வைத்து யாரோ செய்த சோதனையைச் சொன்னார். மறுநாளே அவள் அதை வீட்டுக் குதிரை செவலையிடம் தொடங்கிவிட்டாள். வார் அறுந்து கிடந்த கழுத்துமணியில் ஒரு தட்டு. உடனே ஊசியில்லாத சிரிஞ்சால் இடது கண்ணில் மெல்லக் காற்று. தினமும் நாற்பது முறை, பன்னிரண்டு நாள். இப்போது காற்றே வேண்டாம், மணிச் சத்தத்துக்கே கண் மூடுகிறது. அதைக் கட்டம் போட்டுக் குறித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். வாசலில் அப்பா சக்திவேல் அந்த மணிக்குப் புது வார் தைத்துக்கொண்டிருந்தார். விடிந்தால் மலைக்குக் கீழே, சாலையில்லாத வெள்ளகவிக்குச் செவலை மேல் அரிசி இறக்க வேண்டும். நோட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

"அப்பா, நாளைக்கு மணி கட்டாதீங்க."

"மணியில்லாம எறங்குனா எதுக்க ஏறுறவன் எங்கிட்டு ஒதுங்குவான்? பனி மூடிக் கெடக்கு, பாதையில ஒரு ஆளுதான் நடக்கலாம்."

பன்னிரண்டு நாள் செய்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார். "குதிரைக்குக் கண்ணடிக்கச் சொல்லிக் குடுத்தியாக்கும்? இதுக்குத்தான் பஸ் ஏறிப் போறியா ஆத்தா?"

அவள் மணியை வாங்கித் தட்டினாள். வாசலோரம் கட்டியிருந்த செவலையின் இடது கண் மூடித் திறந்தது. அப்பா பிடுங்கித் தட்டினார். மூடியது. மறுபடி. மூடியது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எறங்கையில பள்ளம் எந்தப் பக்கம், தெரியும்ல?"

"இடது பக்கம்."

"மறக்கடிக்க எத்தன நாளாகும்?"

"காத்தடிக்காம மணிய மட்டும் தட்டிக்கிட்டே இருந்தா அடங்கும்பா. ஆனா சிறுமூளை லேசுல விடாதாம். அடங்குன மாதிரி இருந்து திரும்ப வருமாம்."

"கல்யாண வீட்டு அரிசி. நாளைக்கு எறக்குறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்." மணியை ஆணியில் மாட்டிவிட்டு, செவலையின் நெற்றியைத் தடவியபடி நின்றார். அது வாங்கிய காற்றையெல்லாம் மறந்ததுபோல அவர் தோளில் மூக்கைத் தேய்த்தது.

ஒரு நொடிதானே மூடுகிறது என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். வழுக்குப் பாறையில் ஒரு கால் தடுமாற எவ்வளவு நேரம் ஆகும்? நம் மணியைக் கழற்றிவிடலாம். எதிரே ஏறிவரும் குதிரைகளின் மணியை?

நோட்டைத் திறந்தாள்.

"பிழை இரண்டு: மணி எதற்கென்று யோசிக்கவில்லை. நாளை காலை ஐந்தரைக்கு அப்பாவுடன் இறங்க வேண்டும். வளைவுகளில் மணிக்குப் பதிலாகக் குரல் கொடுக்க வேண்டும். எதிரே மணி கேட்டால் செவலையை நிறுத்தி, அதன் இடப்பக்கம் போய் நான் நிற்க வேண்டும்."